கப்பல் தளத்தில் கேமரா: எவ்வளவு நீளமான லென்ஸ் வேண்டும்?

வாசகர் கேள்வி – பதில்

இம்மாதக் கடிதங்களில் பல ஒரே ஊரிலிருந்து வந்திருக்கின்றன. பெஸ்தாரி ஜெயாவிலிருந்து (உறையின் மேல் இன்னமும் பழைய பெயரான பத்தாங் பெர்ஜுந்தை என்றே எழுதுகிறார்கள்) நான்கு குடும்பங்கள் ஜூன் மாதம் அலாஸ்காவுக்குக் கப்பல் பயணம் போகின்றன. அவர்களின் கேள்விகளோடு, பக்கத்து ஊர்களிலிருந்து வந்த சிலவற்றையும் சேர்த்துக்கொண்டோம்.

கேள்வி: வான்கூவரில் கப்பலேறி, ஏழு இரவு அலாஸ்கா போய்த் திரும்புகிறோம். என்னிடம் பழைய கேனன் 700டி கேமராவும் அதோடு வந்த 18-55 லென்ஸும் இருக்கின்றன. "ஃபுல் ஃபிரேம் வாங்கினால்தான் திமிங்கலம் சரியாக விழும்" என்று ஒரு கடையில் சொன்னார்கள். சேமிப்பில் கை வைப்பதற்கு முன் கேட்கிறேன்.
– ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர், பெஸ்தாரி ஜெயா

பதில்: ஐயா, கை வைப்பதற்கு முன் கேட்டது நல்லதாயிற்று. 700டி இருக்கட்டும். பணத்தை லென்ஸில் போடுங்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். விலங்கின் அளவை லென்ஸின் நீளத்தால் (55, 250 என்று அதன் மேல் எழுதியிருக்கும் மி.மீ. எண்) பெருக்கித் தூரத்தால் வகுத்தால், கேமராவுக்குள் படம் பதியும் சென்சாரின் மேல் அது எத்தனை மில்லிமீட்டருக்கு விழும் என்பது கிடைக்கும். வெண்தலைக் கழுகு ஒன்று 100 மீட்டருக்கு அப்பால் மரத்தில் உட்கார்ந்திருக்கிறது. உயரம் சுமார் 90 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். உங்கள் 55 மி.மீ. லென்ஸில் அது அரை மில்லிமீட்டர். வெறும் புள்ளி. 250 மி.மீ. லென்ஸில் 2.25 மி.மீ., 400 மி.மீ. லென்ஸில் 3.6 மி.மீ. உங்கள் சென்சாரின் உயரம் 15 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. ஆக, 400-இல் கழுகு படத்தின் உயரத்தில் கால் பங்கை நிரப்பும். 700டி எடுக்கும் 18 மெகாபிக்சல் படத்தில் ஏறக்குறைய 830 பிக்சல் கிடைக்கும். சுற்றி வெட்டிவிட்டு அஞ்சலட்டை அளவில் அச்சிடத் தாராளமாகப் போதும்.

திமிங்கலம் இதைவிட எளிது. ஹம்ப்பேக் திமிங்கலத்தின் வால் விரிந்தால் நான்கு, நான்கரை மீட்டர் அகலம். 200 மீட்டர் தூரத்தில் 400 மி.மீ. லென்ஸ் அதை 9 மி.மீ. ஆக்கிவிடும். படத்தின் அகலத்தில் நாற்பது விழுக்காடு வாலாகவே இருக்கும். கரடிதான் ஏமாற்றும். பெரிய கப்பலிலிருந்து கரை 500 மீட்டருக்கு மேல் தள்ளியிருந்தால், இரண்டு மீட்டர் நீளக் கரடி 400-இல் ஒன்றரை மில்லிமீட்டர்தான். 800 வாங்கினாலும் மூன்று. அந்தத் தூரத்தில் நடுவிலுள்ள காற்றும் ஆடிப் படத்தைக் கெடுக்கும். கரடியைப் பைனாகுலரில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஃபுல் ஃபிரேம், அதாவது பெரிய சென்சார் கேமரா விஷயம். அதே 400 லென்ஸை 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் கேமராவில் மாட்டினாலும் கழுகு அதே 3.6 மி.மீ.தான். ஆனால் அங்கே சென்சாரின் உயரம் 24 மி.மீ.; கழுகுக்கு 600 பிக்சல்தான் மிஞ்சும். செலவு ஏறிப் பறவை சிறுத்ததுதான் மிச்சம். ஃபுல் ஃபிரேமுக்கு மங்கலான வெளிச்சத்தில் ஒரு ஸ்டாப் அளவு (இரு மடங்கு வெளிச்சத்துக்கு ஈடு) லாபம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதே அளவு பறவை வேண்டுமென்றால் 600 மி.மீ.க்குப் போக வேண்டும். சோனி 200-600 லென்ஸின் எடை 2.1 கிலோ, நிக்கான் 180-600 கிட்டத்தட்ட 2 கிலோ, கேனன் 200-800 இரண்டு கிலோவுக்கு மேல். கேமராவையும் சேர்த்தால் இரண்டே முக்கால் கிலோ. கிளேசியர் பே தேசியப் பூங்காவுக்குள் கப்பல் நுழைந்தால் பகலின் பெரும்பகுதி அங்கேதான். அத்தனை நேரமும் கைப்பிடிக் கம்பி ஓரமாக அதைத் தூக்கிக்கொண்டு நிற்க முடியுமா என்று யோசியுங்கள். தூக்க முடியாத லென்ஸ் சரியான நேரத்தில் அறையில் கிடக்கும். விமானத்தில் கைப்பைக்கு 7 கிலோதான் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஆகவே எங்கள் பரிந்துரை இது: சிக்மா அல்லது டாம்ரான் 100-400, கேனன் இஎஃப் மவுண்டில். இரண்டும் ஒரு கிலோவுக்குச் சற்று மேல், உங்கள் 700டியில் நேராக மாட்டலாம். ஒரே பயணத்துக்குத்தான் என்றால் வாங்கவே வேண்டாம். கோலாலம்பூரில் லென்ஸ் வாடகைக்குத் தரும் கடைகள் இருக்கின்றன. இன்னும் சிக்கனமாகப் போக வேண்டுமானால் கேனன் 55-250 எஸ்டிஎம். எடை 375 கிராம்தான், பழையது மலிவாகக் கிடைக்கும். திமிங்கலத்துக்கும் பனியாற்றுக்கும் அது போதும், கழுகுக்குத்தான் கொஞ்சம் குறையும். 18-55-ஐயும் எடுத்துச் செல்லுங்கள்.

கேமராவையே மாற்றும் எண்ணம் ஏற்கெனவே இருந்தால், கேனன் ஆர்10 உடன் ஆர்எஃப் 100-400. இரண்டும் சேர்ந்து 1,064 கிராம்தான். பறவையின் கண்ணைக் கேமராவே தேடிப் பிடிக்கும். குறை ஒன்று: 400-இல் அதன் துளை எஃப் 8, வெளிச்சம் குறைவாகவே நுழையும் (எஃப் எண் ஏற ஏறத் துளை சிறுக்கும்). மேகமூட்டமான பகலில் 1/1000 நொடி வேண்டுமென்றால் ஐஎஸ்ஓ (சென்சாரின் வெளிச்ச உணர்திறன்; ஏற ஏறப் படம் சொரசொரக்கும்) 1600 ஆகும், மழை இருட்டில் 3200. அந்தக் கேமரா இதைத் தாங்கும்.

கேள்வி: டிரைபாட் எடுத்துப் போகலாமா? கை நடுங்குகிறது.
– தோட்டக் கிராணி, ஈஜோக்

பதில்: வேண்டாம். கப்பலின் இயந்திர அதிர்வு தளத்தின் வழியாக டிரைபாட் காலில் ஏறி நேரே லென்ஸுக்கு வந்துவிடும். லென்ஸைக் கைப்பிடிக் கம்பி மேல் வைத்தாலும் இதே கதைதான். கம்பி கண்ணுக்குத் தெரியாமல் ஆடிக்கொண்டேயிருக்கும். உடம்புதான் இங்கே அதிர்வைத் தாங்கும் மெத்தை. கால்களைத் தோள் அகலத்துக்கு விரித்து, முழங்காலைச் சற்று மடக்கி, இடது உள்ளங்கையை லென்ஸுக்கு அடியில் கொடுத்து, இரு முழங்கைகளையும் விலாவோடு ஒட்டிக்கொள்ளுங்கள். முதுகை அறைச் சுவரில் சாய்க்காதீர்கள், அதுவும் அதிரும். லென்ஸில் உள்ள நடுக்கத் தடுப்பை எப்போதும் போட்டே வையுங்கள். ஷட்டர் வேகத்தை 1/1000-க்குக் குறையாமல் வைத்தால் உங்கள் கை நடுக்கம் படத்தில் தெரியாது.

கேள்வி: அம்மாவுக்கு 64 வயது. முட்டி வலி, லென்ஸ் மாற்றத் தெரியாது, பட்டனை அழுத்துவார், அவ்வளவுதான். கைத்தொலைபேசியே போதுமா, தனிக் கேமரா வாங்கித் தரவா?
– வாசகி, பெஸ்தாரி ஜெயா

பதில்: அகலமான காட்சிகளுக்கும் கப்பலுக்குள் எடுக்கும் குடும்பப் படங்களுக்கும் கைத்தொலைபேசி அருமையாகப் போதும். ஆனால் வாலை உயர்த்தும் திமிங்கலம் அதில் கறுப்பு எறும்பாகத்தான் விழும். விரலால் பெரிதாக்கினால் எறும்பு பெரிதாகும், படம் கஞ்சியாகும்.

அம்மாவுக்கு ஏற்றது லென்ஸ் கழற்ற முடியாத 'பிரிட்ஜ்' கேமரா. இதில் கடைக்காரர் முதலில் காட்டுவது 83 மடங்கு, 125 மடங்கு ஜூம் என்ற எண்ணைத்தான். நிக்கான் பி950 2000 மி.மீ.க்கு ஈடாகவும், பி1000 3000 மி.மீ.க்கு ஈடாகவும் இழுக்கும் என்பது உண்மை. ஆனால் அவற்றின் சென்சார் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. அலாஸ்காவின் தென்கிழக்குக் கரையில் மேகமும் தூறலும் சகஜம். அந்த வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ 800 தாண்டியதும் இறகும் ரோமமும் மாவாகிவிடும். 2000 மி.மீ.யில், ஆடும் தளத்தில், திமிங்கலத்தைச் சட்டத்துக்குள் கொண்டுவருவதே பெரும்பாடு.

ஒரு அங்குல சென்சார் உள்ள சோனி ஆர்எக்ஸ்10 4 (2017-இல் வந்தது) இந்தப் பயணத்துக்கென்றே செய்ததுபோல் இருக்கும்: 24 முதல் 600 மி.மீ.க்கு ஈடான ஒரே லென்ஸ், 600-இல் எஃப் 4, எடை 1.1 கிலோ. விலை அதிகம்தான், நல்ல நிலையில் உள்ள பழையது கிடைத்தால் விடாதீர்கள். அது கைக்கு எட்டாவிட்டால் பானாசோனிக் எஃப்இசட்300. சென்சார் சிறியதுதான். ஆனாலும் 600 வரை துளை எஃப் 2.8 ஆகவே இருப்பதால் ஐஎஸ்ஓவைத் தாழ்வாக வைத்துக்கொள்ள முடியும், தூறலையும் தாங்கும்.

எதை வாங்கினாலும் அம்மாவுக்கு இரண்டே விஷயம் சொல்லிக்கொடுங்கள். கண்ணைத் திரைக்கு வைக்காமல் கண்ணாடித் துளைக்கு (வியூஃபைண்டர்) வைத்துப் பார்ப்பது. முதலில் ஜூம் இழுக்காமல் விலங்கைக் கண்டுபிடித்து, பிறகு மெல்ல இழுப்பது.

கேள்வி: திமிங்கலத்துக்கும் பனிப்பாறைக்கும் கேமராவை எப்படி வைக்க வேண்டும்? ஒவ்வொரு எண்ணாகச் சொன்னால் எழுதி வைத்துக்கொள்வேன்.
– முதல் கேள்வி கேட்ட ஆசிரியர்

பதில்: எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. 700டியின் மேல் சக்கரத்தை 'டிவி' என்ற எழுத்துக்குத் திருப்புங்கள் (நிக்கானிலும் சோனியிலும் அது 'எஸ்'). ஷட்டர் 1/1000. ஐஎஸ்ஓ ஆட்டோ, அதன் உச்ச வரம்பு 3200. ஃபோகஸ் 'ஏஐ சர்வோ' (நகரும் விலங்கைத் தொடர்வது), நடுப்புள்ளி மட்டும். பறக்கும் பறவைக்கும் தண்ணீரிலிருந்து எகிறும் திமிங்கலத்துக்கும் 1/2000-க்கு ஏற்றுங்கள். கப்பல் ஓடிக்கொண்டிருக்கும்போது எடுக்கும் மலைக்காட்சிக்கு 1/500 போதும்.

தொடர் படம் எடுக்கும்போது ஒரு கண்ணி இருக்கிறது. 700டி நொடிக்கு ஐந்து படம் எடுக்கும். ஆனால் 'ரா' என்ற பெரிய கோப்பில் எடுத்தால் ஆறேழு படத்தில் அதன் உள்நினைவு நிரம்பி ஷட்டர் நின்றுவிடும். திமிங்கலம் வாலைத் தூக்கும் நேரத்தில் கேமரா பேசாமல் இருந்தால் அழுகை வரும். தண்ணீர் தெறித்தவுடனே விரலை அழுத்திப் பிடிக்காமல் மூன்று மூன்றாக எடுங்கள், அல்லது திமிங்கலப் படகில் இருக்கும் நேரத்துக்கு மட்டும் ஜேபெக் என்ற சிறிய கோப்புக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

திமிங்கலத்தின் பழக்கம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. கடல் மேல் வெள்ளை நீராவித் தூண் எழும், அதுதான் மூச்சு. சில தடவை மூச்சு விட்டு முதுகை மட்டும் காட்டும். கடைசி மூச்சில் முதுகு வழக்கத்தைவிட உயரமாகக் கூன்போல் வளையும். அப்படி வளைந்தால் அடுத்த சில நொடிகளில் வால் எழும். விரல் அதற்குத் தயாராக இருக்கட்டும். வால் மறைந்த பிறகு ஐந்து, பத்து நிமிடத்துக்கு அது மேலே வராது. லென்ஸைத் துடைக்கவும் கையைத் தேய்த்துச் சூடாக்கவும் அதுதான் நேரம். 400-ஐ முழுதாக இழுத்துக்கொண்டு கடலைத் துழாவாதீர்கள். 200, 250-இல் வைத்துக் காத்திருந்து, கண்டதும் இழுங்கள். கடல்புறாக்கள் ஓரிடத்தில் கூடிக் கத்தினால் அடியில் மீன் கூட்டம் இருக்கிறது என்று பொருள். திமிங்கலம் அங்கே எழ வாய்ப்பு அதிகம்.

பெரிய கப்பலின் மேல்தளத்திலிருந்து பார்த்தால் திமிங்கலத்தின் முதுகு மட்டும்தான் தெரியும். அறைகளைச் சுற்றி நடக்க இருக்கும் கீழ்த்தளமே மேல்: காற்றும் குறைவு, கண்மட்டமும் கடலுக்கு அருகில். ஜூனோவில் இறங்கும் நாளில் ஆக் பே துறையிலிருந்து போகும் சிறு படகுப் பயணத்துக்குப் பணம் கட்டுவது, புது லென்ஸுக்குக் கட்டுவதைவிடப் பயன்தரும். அலாஸ்கா கடலில் ஹம்ப்பேக்கை 100 கெஜத்துக்குள், அதாவது 91 மீட்டருக்குள், படகு நெருங்கக் கூடாது என்பது சட்டம். 'இன்னும் கிட்டே போங்கள்' என்று படகோட்டியை வற்புறுத்த வேண்டாம். அந்தத் தூரத்திலேயே வால் உங்கள் சட்டத்தை நிரப்பிவிடும்.

பனியாறு வேறு விதம். கிளேசியர் பேயில் கப்பல்கள் வழக்கமாக நிற்கும் மார்ஜரி பனியாற்றின் முகம் ஒரு மைல் அகலம், தண்ணீருக்கு மேல் 250 அடி உயரம். 800 மீட்டர் தள்ளி நின்றால் 18 மி.மீ.யில்கூட அகலம் முழுதும் அடங்காது. கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து, ஒன்றோடொன்று மூன்றில் ஒரு பங்கு மேல்விழும்படி ஐந்தாறு படம் எடுத்துப் பின்னால் இணையுங்கள். கைத்தொலைபேசியின் பனோரமாவும் நன்றாகவே வரும். அகலத்தோடு நின்றுவிடாதீர்கள். 100 மி.மீ.யில் பனிச்சுவர் படத்தின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு வரும். கீழே தெறிக்கும் தண்ணீருக்கும் இடம் இருக்கும். பனி உடைந்து விழுவதை எடுக்க அதுதான் சரியான நீளம். சத்தத்துக்காகக் காத்திருக்காதீர்கள். ஒலி ஒரு கிலோமீட்டர் கடக்க மூன்று நொடி ஆகும், இடி கேட்கும்போது பாதி விழுந்து முடிந்திருக்கும். சிறு துண்டுகள் ஒரே இடத்தில் அடுத்தடுத்து உதிர்கிறதா என்று பாருங்கள். அந்த இடத்தில் ஃபோகஸ் வைத்துக் காத்திருங்கள். கப்பல் மெல்லத் திரும்பி இரண்டு பக்கத்தாருக்கும் காட்டும், இடம் பிடிக்க முண்டியடிக்க வேண்டியதில்லை.

பனியைக் கேமரா சாம்பல் நிறமாக்கிவிடும், ஏனென்றால் அதன் அளவுமானி எல்லாவற்றையும் நடுத்தர வெளிச்சமாகவே எண்ணிக்கொள்கிறது. வெளிச்சத் திருத்தத்தைக் கூட்டல் 2/3 முதல் கூட்டல் 1 வரை வையுங்கள். கரும்பச்சை மரத்தின் முன்னால் உட்கார்ந்த வெண்தலைக் கழுகுக்கு நேர்மாறு: கழித்தல் 2/3, இல்லாவிட்டால் தலை வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். மேகமூட்டமான நாளென்று மனம் தளர வேண்டாம். பனிக்கட்டியின் நீலம் அன்றுதான் நன்றாக எழும்பும்.

கேள்வி: போலரைஸர் ஃபில்டர், டிரோன் இரண்டும் தேவையா?
– தொழிற்பள்ளி மாணவர், கோல சிலாங்கூர்

பதில்: தம்பி, டிரோனை வீட்டிலேயே வையுங்கள். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் 2014-லிருந்து தடை. போலரைஸர் ஒன்றரை ஸ்டாப் வெளிச்சத்தை விழுங்கும். நீண்ட லென்ஸில் வேண்டவே வேண்டாம். காட்சி லென்ஸில் மட்டும், ஈரப் பாறையின் பளபளப்பையும் தண்ணீரின் மினுமினுப்பையும் குறைக்கப் போடலாம். பனோரமாவுக்குக் கழற்றிவிடுங்கள், வானம் திட்டுத் திட்டாக வரும். கப்பலின் கண்ணாடி வழியாக எடுக்கும்போதும் கழற்றுங்கள். கெட்டிப்படுத்திய கண்ணாடியில் வானவில் பட்டைகள் தெரியும்.

கேள்வி: லங்காவி போயிருந்தபோது அறையிலிருந்து வெளியே வந்ததும் லென்ஸ் முழுக்க மூடுபனி. துடைத்தால் மறுபடி வருகிறது. வீட்டில் இருக்கும் லென்ஸிலோ சிலந்திவலைபோல் ஏதோ படர்ந்திருக்கிறது. இரண்டும் ஒன்றா?
– வாசகர், ரவாங்

பதில்: இரண்டுக்கும் காரணம் ஈரம், வைத்தியம் வேறு வேறு.

முதலாவது. நம் ஊர்க் காற்று 30 பாகையில் 80 விழுக்காடு ஈரத்தோடு இருந்தால், 26 பாகைக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பொருளின் மேலும் தண்ணீர் படியும். ஏர்கோன் அறையில் 20 பாகையில் கிடந்த லென்ஸ் வெளியே வந்ததும் வியர்ப்பது அதனால்தான். துடைத்துப் பயனில்லை, கண்ணாடி சூடாகும்வரை படிந்துகொண்டே இருக்கும். புறப்படுவதற்கு முக்கால் மணி நேரத்துக்கு முன்பே கேமராவைப் பையோடு, ஜிப்பைத் திறக்காமல், பால்கனியிலோ குளிரூட்டாத இடத்திலோ வைத்துவிடுங்கள்.

அலாஸ்காவில் இது தலைகீழ். வெளியே 8 பாகை, அறை 22 பாகை. உள்ளே வரும்போதுதான் வியர்க்கும். வெளியிலேயே நினைவு அட்டையையும் பேட்டரியையும் கழற்றிக்கொள்ளுங்கள். கேமராவை ஜிப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் காற்றை நெருக்கி மூடி, பிறகு உள்ளே வாருங்கள். ஈரம் பையின் மேல் படியும், கேமரா மேல் அல்ல. ஒரு மணி நேரம் கழித்துத் திறக்கலாம். அட்டை வெளியே இருப்பதால் அதற்குள் படங்களைப் பார்த்துவிடலாம்.

இரண்டாவது, பூஞ்சை. ஈரம் 60 விழுக்காட்டுக்கு மேல் நீடித்தால், இருட்டுப் பையில் கிடக்கும் லென்ஸுக்குள் அது வளரும். தோல் பையும் அலமாரியும் அதற்கு வளர்ப்புப் பண்ணை. லென்ஸைப் பிரித்துச் சுத்தம் செய்யும் கடையில்தான் இதற்கு மருந்து. கண்ணாடியின் பூச்சை அரித்துவிட்டால் தழும்பு போகாது, ஆகவே தள்ளிப்போடாதீர்கள். மற்ற லென்ஸ்களை அதோடு ஒரே பெட்டியில் வைக்கவும் வேண்டாம். மின்சார டிரை கேபினட்டை 40 முதல் 50 விழுக்காட்டில் வைப்பது சிறந்தது. முடியாதவர்கள் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, ஒரு சிறிய ஈரமானி, 200, 300 கிராம் சிலிக்கா ஜெல் வாங்குங்கள். நீல மணிகள் இளஞ்சிவப்பானதும் அடுப்பில் 120 பாகையில் இரண்டு மணி நேரம் காயவைத்தால் பழைய நிறம் திரும்பும். முப்பதுக்குக் கீழே இறக்க வேண்டாம், ரப்பர் வளையங்கள் காய்ந்து வெடிக்கும். அரிசி மூட்டையில் போடுவது நம்மிடையே பரவிக்கிடக்கும் கெட்ட பழக்கம். தவிட்டுத் தூசி ஜூம் வளையத்துக்குள் புகுந்துவிடும்.

கடல் சாரல் பட்டால் உலர்ந்த துணியால் தேய்க்கக் கூடாது, உப்பு மணல்போல் கீறும். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி, பிறகு உலர்த்துங்கள். துடைக்கும் துணி குறைந்தது நான்கு கைவசம் இருக்கட்டும்.

கேள்வி: சார்ஜர், பேட்டரி, அட்டை எத்தனை?
– பயணக் குழுவில் ஒருவர், பெஸ்தாரி ஜெயா

பதில்: பேட்டரி மூன்று. குளிரில் அவை சீக்கிரம் படுத்துவிடும். மாற்றுப் பேட்டரியைச் சட்டையின் உள் பையில் உடம்புச் சூட்டில் வையுங்கள். தீர்ந்ததுபோல் காட்டும் குளிர்ந்த பேட்டரி சூடானதும் இன்னும் சில டஜன் படம் தரும். அட்டை 64 ஜிபியில் இரண்டு, ஒரே பெரிய அட்டையாக வேண்டாம். ஜூனில் ஜூனோவில் பதினெட்டு மணி நேரம் பகல் வெளிச்சம் இருக்கும், எதிர்பார்த்ததைவிட அதிகம் எடுப்பீர்கள்.

கப்பல் அறைகளில் பெரும்பாலும் அமெரிக்கத் தட்டைமுள் துளையும் ஐரோப்பிய வட்டத் துளையும் இருக்கும். நம் மூன்று முள் பிளக் நுழையாது. மாற்று அடாப்டர் இரண்டு வாங்குங்கள். சார்ஜரின் மேல் 100-240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் போதும், டிரான்ஸ்ஃபார்மர் தேவையில்லை. மின்னல் தடுப்பு வைத்த நீட்டிப்புப் பலகையைக் கப்பலில் ஏற்றும்போதே பறித்துவிடுவார்கள். பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும். 20,000 மில்லி ஆம்பியர்-மணி என்றால் 74 வாட்-மணி. 100 வாட்-மணி வரம்புக்குள் அடங்கும்.

கேள்வி: அலாஸ்கா எங்களுக்கு எட்டாது. பிள்ளைகளோடு லங்காவி கிளிம் படகுப் பயணம் போகிறோம், அடுத்த ஆண்டு சபாவின் கினாபாத்தாங்கான் ஆறு. அங்கே என்ன லென்ஸ்?
– செம்பனைத் தோட்டத் தொழிலாளர், பெஸ்தாரி ஜெயா

பதில்: தூரம் குறைவு என்பதால் உங்களுக்குச் செலவும் குறைவு. கிளிமில் செம்பருந்து முப்பது, நாற்பது மீட்டரில் பறக்கும். 55-250 போன்ற லென்ஸே போதும். வெள்ளை வானத்தின் முன்னால் பருந்து கறுத்துப்போகும், கூட்டல் 1 வையுங்கள். ஷட்டர் 1/2000. படகு ஓடும்போது எடுக்க முயல வேண்டாம். 'தோலோங் மாத்திக்கான் எஞ்சின்' என்று கேளுங்கள், பெரும்பாலும் நிறுத்துவார்கள். சில படகுகளில் கோழித்தோல் வீசிப் பருந்துகளை இறக்குவார்கள். வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கருடன் என்று நாம் கும்பிடும் பறவை, வேட்டையை மறந்து கொழுப்புத் தோலுக்குக் காத்துக் கிடப்பது மனத்துக்கு வேதனையாக இருக்கிறது. மீனைப் பிடிக்கத் தானாகத் தாழும் பருந்தின் படமும் இதைவிட அழகாகவே அமையும்.

கினாபாத்தாங்கானில் சிக்கல் தூரமல்ல, இருட்டு. படகு விடிந்தும் விடியாமலும் ஒரு தடவை, மாலை நான்கு மணிவாக்கில் ஒரு தடவை போகும். நீள்மூக்குக் குரங்கும் இருவாச்சியும் மரநிழலில் இருக்கும். 1/500 வைத்து ஐஎஸ்ஓவை 3200 வரை விடுங்கள். உட்கார்ந்திருக்கும் குரங்குக்கு 1/250-இலும் பத்தில் நாலு தேறும். மழைக்குக் குளியல் தொப்பி ஒன்றும் ரப்பர் வளையம் ஒன்றும் போதும். தொப்பியைக் கேமரா மேல் கவிழ்த்து, லென்ஸைச் சுற்றி வளையம் போடுங்கள்.

கேள்வி: புறப்படும் முன் எங்கே பழகுவது? இங்கே திமிங்கலமா இருக்கிறது?
– பயணக் குழுவில் இன்னொருவர், பெஸ்தாரி ஜெயா

பதில்: உங்கள் ஊரைப் போலப் பழகுவதற்கு வசதியான இடம் குறைவு. செம்பனைகள் ஏறக்குறைய ஒன்பது மீட்டர் இடைவெளியில் நிற்கின்றன. ஒரு வரிசையில் பதினோரு இடைவெளி எண்ணினால் 100 மீட்டர். அங்கே 90 செ.மீ. குச்சி ஒன்றை நட்டுவிட்டுத் திரும்பி வந்து, கையிலுள்ள லென்ஸில் எடுத்துப் பாருங்கள். அலாஸ்காவில் கழுகு எந்த அளவில் விழுமோ அதே அளவு. லென்ஸ் வாங்குவதற்கு முன்பே இதைச் செய்யுங்கள்.

மறுநடவு செய்த இளங்கன்று நிலத்தில் கருந்தோள் பருந்து எலியைத் தேடி ஒரே இடத்தில் சிறகடித்து நிற்கும். சர்வோ ஃபோகஸ் பழக அதைவிட நல்ல ஆசிரியர் இல்லை. மாடுகளைச் சுற்றும் உண்ணிக்கொக்கு வெள்ளை. அதை வைத்துக் கழித்தல் திருத்தத்தைப் பழகலாம். பழைய ஈய லம்பக் குட்டையோரம் காலை ஏழரைக்கு உட்கார்ந்தால் மீன்கொத்தி வரும். தோட்டத்துக்குள் நுழைய அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். எலிக்காக ஆந்தைப் பெட்டி வைத்திருந்தால் அதன் கிட்டே போகாதீர்கள், தாய் குஞ்சை விட்டுப் போய்விடக்கூடும்.

ஒரு வாரம் இப்படிப் பழகிய பிறகு, கண்ணை மூடிக்கொண்டு மூன்று காரியம் செய்து பாருங்கள்: ஷட்டரை 1/1000-லிருந்து 1/2000-க்கு மாற்றுவது, வெளிச்சத் திருத்தத்தைக் கூட்டிக் குறைப்பது, ஃபோகஸ் புள்ளியை நடுவுக்குக் கொண்டுவருவது. பிறகு மெல்லிய கையுறை போட்டுக்கொண்டு அதையே மறுபடி செய்யுங்கள். பட்டன் தட்டுப்படவில்லை என்றால், வலது கையுறையின் ஆள்காட்டி விரல் நுனியையும் கட்டைவிரல் நுனியையும் வெட்டிவிடுங்கள்.